கிங்ஸ்பரி சவுண்ட்ஹவுஸ்: ரெக்கார்டு போட்டே பெயர் வாங்கிய ஹெவி மெட்டல் கிளப்

பேஸ்பாண்டி (இழையைத் தொடங்கியவர்)

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழு அயர்ன் மெய்டனின் ரசிகர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவர்களின் முதல் வெளியீடான ‘தி சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்’ என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. ஆனால் சவுண்ட்ஹவுஸ் என்றால் ஏதோ ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் வேறொரு இழையில்கூட ஒருவர் அப்படித்தான் எழுதியிருந்தார். அது ஸ்டூடியோ இல்லை. வடமேற்கு லண்டனில் கிங்ஸ்பரி என்ற புறநகர்ப் பகுதியில், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற பப்பின் பின்கட்டில் இயங்கிய ஒரு டிஸ்கோ.

இடத்தின் பெயர் பேண்ட்வேகன். 1975-ல் நீல் கே என்ற டிஜே அங்கே ரெக்கார்டு போட வந்தார். ஊரே டிஸ்கோ பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் போட்டது ஹார்ட் ராக்கும் ஹெவி மெட்டலும். அந்த இரவுகளுக்கு ‘ஹெவி மெட்டல் சவுண்ட்ஹவுஸ்’ என்று பெயரும் வைத்துவிட்டார். வருகிறவர்களுக்கு முக்கியம் பாட்டும் சத்தமும்தான். அறையின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய ஒலி அமைப்பு அங்கே இருந்தது.

1976 கடைசியில் இருந்து பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் பங்க் என்ற புது ராக் பாணியின் பின்னால் ஓடின. ஹார்ட் ராக் என்றால் பழைய சரக்கு, நீள முடி மாமாக்களின் சங்கதி என்று எழுதினார்கள். ரெக்கார்டு கம்பெனிகளும் புதிய ராக் குழுக்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கேட்கிற கூட்டம் எங்கேயும் போய்விடவில்லை. ஜீன்ஸ் ஜாக்கெட்டில் குழுப் பெயர்களைத் தைத்துக்கொண்டு பேண்ட்வேகனுக்கு வந்துகொண்டேதான் இருந்தது.

1978-ல் ‘சவுண்ட்ஸ்’ வாரப் பத்திரிகையின் ஜெஃப் பார்ட்டன் அங்கே போய்ப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். அதன் பிறகுதான் விஷயம் சூடுபிடித்தது. நீல் கே தன் கிளப்பில் எந்தப் பாட்டை அதிகம் பேர் போடச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று பட்டியல் போட ஆரம்பித்தார். சவுண்ட்ஸ் அதை அச்சிட்டது.

என் கருத்து: 1979 வாக்கில் கிளம்பிய புதுக் குழுக்களின் கூட்டத்தை பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை என்று சொல்கிறோமே, அதைத் தட்டி எழுப்பியது இந்தப் பட்டியல்தான். எந்தக் குழுவும் இல்லை. அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

எதிர்ப்பாட்டு

வந்துவிட்டேன் பாண்டி. லண்டன்காரர்கள் எழுதிய கதையை அப்படியே விழுங்கியிருக்கிறீர்கள்.

அந்த அலையின் குழுக்களையும் அவற்றின் ஊர்களையும் பாருங்கள்: டெஃப் லெப்பர்ட் ஷெஃபீல்டு. சாக்ஸன் பார்ன்ஸ்லி. டைகர்ஸ் ஆஃப் பான் டாங் நியூகாசிலுக்குப் பக்கத்தில் விட்லி பே. டயமண்ட் ஹெட் ஸ்டவர்பிரிட்ஜ். இவர்களில் யார் கிங்ஸ்பரி பப்பில் வளர்ந்தவர்கள்? டெஃப் லெப்பர்ட் 1979 தொடக்கத்திலேயே தங்கள் சொந்த லேபிளில் ஈபி (சில பாட்டு மட்டும் உள்ள சின்ன ரெக்கார்டு) போட்டுவிட்டார்கள். நியூகாசில் பக்கம் வால்சென்டில் நீட் ரெக்கார்ட்ஸ் என்ற குட்டிக் கம்பெனி தனியாக ஒரு படையையே வெளியிட்டது. எஃகு ஆலை, நிலக்கரிச் சுரங்க ஊர்களில் இது எல்லாம் தானாகவே கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பப்பின் பின்கட்டுக்கு இவ்வளவு பெருமை அதிகம்.

பேஸ்பாண்டி

நீங்கள் சொல்லும் ஊர்களை மறுபடி வரைபடத்தில் பாருங்கள். ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம்! பார்ன்ஸ்லியில் வாசிப்பவனுக்கு விட்லி பேயில் தன்னைப் போல இன்னொருவன் இருக்கிறான் என்று எப்படித் தெரியும்? வானொலியில் கிடையாது. பிபிசி ரேடியோ ஒன்னில் டாமி வான்ஸின் வெள்ளிக்கிழமை ராக் நிகழ்ச்சியே 1978 நவம்பரில்தான் தொடங்கியது. டிவியில் சுத்தமாகக் கிடையாது. வாரப் பத்திரிகையில் ஒரு பட்டியல் வருகிறது, அதில் பெரிய குழுக்களுக்கு நடுவில் பெயரே கேள்விப்படாத ஒரு குழுவின் டெமோ, அதாவது விற்பனைக்கு வராத மாதிரிப் பதிவு, இருக்கிறது. அடுத்த வாரம் அவனும் தன் கேசட்டை கிங்ஸ்பரிக்குத் தபாலில் போடுகிறான். நான் சொல்வது இதைத்தான். கொதித்தது எல்லா ஊரிலும்தான், மறுக்கவில்லை. பக்கத்து அடுப்பும் எரிகிறது என்று சொன்னது யார்?

வினைல்வேலு

பாண்டி சொன்னதற்குச் சரியான உதாரணம் மெய்டனின் டெமோதான். 1978 டிசம்பர் 30, 31 இரண்டு நாளும் கேம்பிரிட்ஜில் ஸ்பேஸ்வார்டு ஸ்டூடியோவில் நான்கு பாட்டு பதிவு செய்தார்கள். புத்தாண்டுக்கு முந்தின நாள் யாரும் ஸ்டூடியோ பக்கம் வரமாட்டார்கள் அல்லவா? மாஸ்டர் டேப்பை, அதாவது மூலப் பதிவு நாடாவை, விலை கொடுத்து வாங்கக் கையில் காசில்லை. அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுப் போனார்கள். இரண்டு வாரம் கழித்து வந்து கேட்டால் ஸ்டூடியோ அதன் மேல் வேறு பதிவு செய்துவிட்டிருந்தது! கையில் இருந்த பிரதிதான் மிச்சம்.

அதில் ஒரு கேசட் நீல் கேயிடம் போகிறது. கொடுத்தபோது அவர் பெரிய அக்கறை காட்டவில்லை என்பதுதான் மெய்டனின் பேஸ் கிடார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் பின்னாளில் சொன்ன கதை. எல்லோரும் கேசட்டை நீட்டுகிறவர்கள்தானே. வீட்டில் போய்க் கேட்ட பிறகு மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கிளப்பில் போட ஆரம்பித்தார், கூட்டம் திரும்பத் திரும்பக் கேட்டது, ‘ப்ரௌலர்’ என்ற பாட்டு சில மாதங்களில் சவுண்ட்ஹவுஸ் பட்டியலின் முதல் இடத்துக்கு வந்தது. கவனியுங்கள், கடையில் விற்பனைக்கே வராத ஒரு கேசட் பாட்டு!

பிறகு ஜனங்கள் அந்தப் பாட்டை எங்கே வாங்குவது என்று நச்சரிக்க, 1979 நவம்பர் 9-ல் அதில் மூன்று பாட்டை மட்டும் எடுத்து ஈபியாக வெளியிட்டார்கள். ‘ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்டு’ தரம் திருப்தியில்லை என்று விட்டுவிட்டார்கள். 5,000 பிரதிகள், தபாலில் மட்டும் விற்பனை. லேபிளுக்கு அவர்களே வைத்த பெயர் ராக் ஹார்ட் ரெக்கார்ட்ஸ். உறையில் குறிப்பு எழுதியவர் நீல் கே. பெயர் சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ். பாட்டு பதிவானது கேம்பிரிட்ஜில், பெயர் மட்டும் கிங்ஸ்பரி கிளப்புக்கு. நன்றிக்கடன்.

எதிர்ப்பாட்டு

சரி, அந்தப் பட்டியல் எப்படித் தயாரானது? சில நூறு பேர் வரும் ஒரு கிளப்பில் கேட்கப்படும் பாட்டுகளை எண்ணினார்கள். விற்பனைக் கணக்கு இல்லை, சரிபார்க்க ஆள் இல்லை. ஒரு குழு தன் நண்பர்கள் இருபது பேரை அனுப்பி வைத்தால் போதும், எண் ஏறிவிடும். இதை நம்பி ஒரு இசை வரலாறு எழுதுகிறோம்.

பேஸ்பாண்டி

அனுப்பியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் பிடிக்காத பாட்டை டான்ஸ் ஃப்ளோரில் போட்டால் என்ன நடக்கும் என்பது எந்த டிஜேவுக்கும் தெரியும். தளம் காலியாகும், பாரில் வரிசை நிற்கும். விற்பனைப் பட்டியலை ஏமாற்றலாம், அந்தக் காலத்தில் கம்பெனிகள் செய்யாத தில்லுமுல்லா? காலியான தளத்தை யார் மறைக்க முடியும்?

ஒலியமைப்பாளர்

நான் தொழில்முறை சவுண்ட் எஞ்சினியர். இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று, ரெக்கார்டை அவ்வளவு சத்தமாகப் போடுவது லேசான வேலை இல்லை. ஸ்பீக்கரின் பேஸ் அதிர்வு தரை வழியாகவும் காற்று வழியாகவும், ரெக்கார்டு சுழலும் டர்ன்டேபிளுக்குப் போகும். ஊசி அதையும் இசையாக நினைத்து எடுத்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். அது மறுபடி ஸ்பீக்கரில் வந்து மறுபடி ஊசிக்குப் போக, ‘ஊம்ம்’ என்று ஒரு ஊளை கிளம்பும். ஊரில் மைக்செட் போடுகிறவர்கள் குழாயைப் பனைமரத்தில் கட்டிவிட்டு பிளேயரைப் பந்தலுக்குள் வைத்துத் தப்பித்தார்கள். நான்கு சுவருக்குள் அது முடியாது. டர்ன்டேபிளைக் கனமான மேசையில், அதிர்வு ஏறாதபடி மெத்தை மாதிரி எதையாவது கொடுத்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு எல்லை உண்டு.

ஒரு டிஜே தன் இடத்துக்கு ‘சவுண்ட்’ என்று ஆரம்பிக்கும் பெயரை வைத்திருக்கிறார் என்றால் சும்மா வைக்கவில்லை. வீட்டில் சின்னப் பெட்டியில் கேட்கும் ஆல்பத்தை கச்சேரி அளவு சத்தத்தில் கேட்கலாம் என்பதுதான் அங்கே டிக்கெட்டுக்கான காரணம். அன்றைக்குக் கார் ஸ்டீரியோ, ஹெட்ஃபோன் எல்லாம் எல்லா இளைஞர்கள் கைக்கும் எட்டிய பொருள் இல்லை.

மேகலை_டிரம்ஸ்

அண்ணன்மார்களே, அட்டை கிடாரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! மேடையில் யாரும் இல்லாதபோது வந்தவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களே கலைஞர்களாகிவிட்டார்கள். அட்டையிலும் பலகையிலும் கிடார் வடிவத்தை வெட்டிக்கொண்டு வந்து ரெக்கார்டோடு சேர்ந்து ‘வாசித்தார்கள்’. ராப் லூன்ஹவுஸ் என்ற பட்டப்பெயரில் ஒருவர் இதிலேயே பிரபலம். பலகையில் செய்த ‘ஃப்ளையிங் வி’ (ஆங்கில ‘V’ வடிவ) கிடாரோடு 1980-ல் லண்டன் டிவி நிகழ்ச்சியில் எல்லாம் வந்தார். ‘ஆண்டின் சிறந்த தலையாட்டி’ என்று போட்டியே நடத்தியிருக்கிறார்கள். இன்றைக்கு ஏர் கிடாருக்கு, அதாவது வெறுங்கையில் கிடார் வாசிப்பதுபோல் நடிப்பதற்கு, உலகப் போட்டி நடக்கிறது. இவர்கள் அன்றே கையில் பலகையோடு ஆடினார்கள்.

ஆனால் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். இந்தக் கதைகளில் பெண்கள் எங்கே? அதே லண்டனில், தெற்கே வான்ட்ஸ்வொர்த்தில் 1978-ல் கேர்ள்ஸ்கூல் உருவாகிவிட்டது. நான்கும் பெண்கள். 1979-லேயே மோட்டார்ஹெட் குழுவின் சுற்றுப்பயணத்தில் அவர்களுக்கு முன்னால் வாசித்தார்கள். புதிய அலை என்று பட்டியல் போடும்போது மட்டும் கடைசி வரியில் ஒரு பெயராக வந்து போவார்கள். பழைய புகைப்படங்களில் அந்த ஜீன்ஸ் ஜாக்கெட் கூட்டத்தைப் பாருங்கள், பெண் முகத்தைத் தேட வேண்டியிருக்கும். கிளப்பின் மேல் குறை சொல்லவில்லை. ஆனால் ‘எல்லோரையும் சேர்த்த இடம்’ என்று பாண்டி அண்ணன் எழுதும்போது அந்த ‘எல்லோரும்’ கொஞ்சம் சின்ன வட்டம்தான்.

பேஸ்பாண்டி

மேகலை, ‘எல்லோரையும்’ என்று நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். வட்டம் சின்னதுதான். கேர்ள்ஸ்கூலைப் பற்றித் தனி இழையே போடலாம், நீங்கள் தொடங்குங்கள், நான் வருகிறேன்.

கென்டன்ரோடு

வணக்கம். நான் கென்டனில் இருக்கிறேன், கிங்ஸ்பரி நடக்கிற தூரம். கன வருடமாக அயர்ன் மெய்டன் கேட்கிற என் மகனுக்கே இந்தச் சங்கதி தெரியாது. அவனைக் கூப்பிட்டு இழையைக் காட்டினேன், நம்பவே மாட்டேன் என்று நிற்கிறான்.

இங்கே இருக்கிற தமிழ்ச் சனத்துக்கு கிங்ஸ்பரி, ஹாரோ, வெம்பிளி என்றால் மரக்கறிக் கடை, நகைக்கடை, கோயில், ரியூஷன் வகுப்பு. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் நீள முடியோடு பெடியள் பலகைக் கிடாருடன் திரிந்தவர்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள். இன்னொரு புதினம் சொல்லவா? மெய்டன் ஆரம்பத்தில் அடிக்கடி வாசித்த ரஸ்கின் ஆம்ஸ் பப் கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் இருந்தது. இப்ப அந்த ரோட்டில் போனால் சரவணபவனும் தமிழ்க் கடைகளும்தான். பக்கத்திலேயே லண்டன் முருகன் கோயில். ஆக மெய்டன் வளர்ந்த இரண்டு இடமும் இப்ப எங்கட சனம் குடியிருக்கிற இடத்தில்தான் இருக்குது.

அதோடு ஒரு சின்னத் தகவல். இப்ப கிங்ஸ்பரி ஸ்டேஷன் ஜூபிலி லைனில். 1979 மே 1-ஆம் திகதி அந்த லைன் திறக்கும் வரைக்கும் இது பேக்கர்லூ லைனின் கிளை. அப்ப கிளப்புக்கு ரயிலில் வந்த ஆட்கள் பெரும்பாலும் பேக்கர்லூவில் ஏறி வந்திருப்பார்கள்.

வினைல்வேலு

கென்டன்ரோடு ஐயா, அருமை! அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். மே 1-ல் ஜூபிலி லைன், மே 3-ல் தேர்தல், தாட்சர் பிரதமராக வருகிறார். மே 8-ல் கேம்டனில் மியூசிக் மெஷின் என்ற பெரிய அரங்கில் ஏஞ்சல் விட்ச், அயர்ன் மெய்டன், சாம்சன் மூன்றும் ஒரே இரவில். டிஜே யார்? நம்ம நீல் கே. ஜெஃப் பார்ட்டன் சவுண்ட்ஸில் அதைப் பற்றி எழுத, ‘பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை’ என்ற தொடர் அந்தக் கட்டுரையோடுதான் அச்சில் வந்தது. தொடரை உருவாக்கியவர் ஆசிரியர் ஆலன் லூயிஸ்.

எதிர்ப்பாட்டு சார், பெயர் வைத்த இரவில் டர்ன்டேபிள் அருகே நின்றவர் கிங்ஸ்பரிக்காரர். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எதிர்ப்பாட்டு

பெயர் வைத்தது பத்திரிகை ஆபீஸ் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்! நான் சொல்ல வந்ததும் அதுதான். சவுண்ட்ஸ் பத்திரிகை இல்லாவிட்டால் நீல் கேயின் பட்டியல் அந்தப் பப்பின் சுவரில் ஒட்டிய தாளாகவே மஞ்சளாகிப் போயிருக்கும். போட்டிப் பத்திரிகைகள் பங்க்கையும் அதை ஒட்டி வந்த ‘நியூ வேவ்’ பாணியையும் பிடித்துக்கொண்டன, சவுண்ட்ஸுக்கு வேறு வாசகர் தேவைப்பட்டார்கள், கிடைத்தார்கள். வியாபாரம் பலித்ததும் 1981-ல் அதே பார்ட்டனை வைத்து ‘கெராங்!’ என்று சிறப்பிதழ் போட்டார்கள், அது தனிப் பத்திரிகையாகவே வளர்ந்துவிட்டது.

அப்புறம், நீல் கேயின் ரசனையை வைத்துத் தேர்ந்தெடுத்த ‘மெட்டல் ஃபார் முதாஸ்’ தொகுப்பைக் கேட்டிருக்கிறீர்களா? 1980 பிப்ரவரியில் ஈஎம்ஐ என்ற பெரிய ரெக்கார்டு கம்பெனி வெளியிட்டது. மெய்டனின் இரண்டு பாட்டு, ஏஞ்சல் விட்ச், பிரேயிங் மேன்டிஸ், சாம்சன், சரி. நட்ஸ் எதற்கு? 1974-ல் இருந்தே ஆல்பம் போட்டுக்கொண்டிருந்த குழு அது, அதில் என்ன புதிய அலை? டெஃப் லெப்பர்ட் இல்லை, சாக்ஸன் இல்லை, டயமண்ட் ஹெட் இல்லை. பார்ட்டனே அந்தத் தொகுப்பைக் காய்ச்சி எடுத்தார்.

பேஸ்பாண்டி

தொகுப்பு சுமார்தான், ஒத்துப்போகிறேன். ஆனாலும் அது பிரிட்டிஷ் பட்டியலில் 12-ஆம் இடம் வரை போனது. அதே ஈஎம்ஐயோடு மெய்டன் ஒப்பந்தம் போட்டு 1980 ஏப்ரலில் வந்த முதல் ஆல்பம் 4-ஆம் இடம். பதினாறு மாதத்துக்கு முன் மாஸ்டர் டேப் வாங்கக் காசில்லாத குழு!

கிளப் ஆள் கம்பெனி ஆளோடு உட்கார்ந்து பாட்டுப் பொறுக்கினால் இப்படித்தான் ஆகும் என்பது என் எண்ணம். கிளப்பில் அவருக்கு முன்னால் கூட்டம் இருந்தது, தப்பான பாட்டைப் போட்டால் உடனே தெரிந்துவிடும். கம்பெனி அறையில் அந்தக் கூட்டம் இல்லை. யாருடைய ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது என்ற கணக்குதான் இருக்கும்.

பத்திரிகை பற்றி: சவுண்ட்ஸ் இல்லாவிட்டால் பட்டியல் வெளியே போயிருக்காது, உண்மை. பட்டியல் இல்லாவிட்டால் சவுண்ட்ஸ் எதை அச்சிட்டிருக்கும்? பார்ட்டனின் சொந்தக் கருத்தை மட்டும்தான். வாசகனுக்கு விமர்சகர் கருத்து ஒன்று. தன்னைப் போன்ற நூறு பேர் இதைக் கேட்டுத் தலையாட்டினார்கள் என்ற செய்தி வேறு.

ராயபுரம்_ரிஃப்

ப்ரோ எல்லோருக்கும் வணக்கம், நான் சைலண்ட் ரீடர். 2007 மார்ச்சில் மெய்டன் முதன்முதலாக இந்தியா வந்து பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தபோது சென்னையில் இருந்து போன கூட்டத்தில் நானும் ஒருவன். அப்போது இந்தச் சவுண்ட்ஹவுஸ் கதை தெரிந்திருந்தால் ஒரு அட்டை கிடார் வெட்டிக்கொண்டு போயிருப்பேன், செக்யூரிட்டி விட்டிருக்கமாட்டார்கள் என்பது வேறு.

ஒரு சந்தேகம். அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று ஒரு நண்பன் சொன்னான். உண்மையா?

வினைல்வேலு

கிளப்போடு நேரடித் தொடர்பு இல்லை தம்பி. பத்திரிகை வழியாக உண்டு. டென்மார்க்கில் இருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த லார்ஸ் உல்ரிச், லாஸ் ஏஞ்சலிஸில் உட்கார்ந்துகொண்டு சவுண்ட்ஸை வரவழைத்துப் படித்து, அதில் வரும் குட்டிக் குழுக்களின் ரெக்கார்டுகளை வாங்கிச் சேர்த்த பையன். டயமண்ட் ஹெட் தங்கள் முதல் ஆல்பத்தைக் கம்பெனி கிடைக்காமல் தாங்களே அச்சடித்து வெறும் வெள்ளை உறையில் தபாலில் விற்றார்கள். அவர்களைப் பார்க்க 1981 கோடையில் இங்கிலாந்துக்கே பறந்து வந்துவிட்டார் லார்ஸ். திரும்பிப் போய் அதே ஆண்டு மெட்டாலிகாவைத் தொடங்கினார். டயமண்ட் ஹெட் பாட்டுகளை மெட்டாலிகா இன்று வரை வாசிக்கிறது.

எதிர்ப்பாட்டு

டயமண்ட் ஹெட், ஸ்டவர்பிரிட்ஜ். கிங்ஸ்பரி இல்லை. குறித்துக்கொள்ளவும்.

பேஸ்பாண்டி

குறித்துக்கொண்டேன். ஸ்டவர்பிரிட்ஜ் சரக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பையன் கைக்குப் போக எந்தப் பத்திரிகை வேண்டியிருந்தது, அந்தப் பத்திரிகைக்கு ஹெவி மெட்டல் வாசகர் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்தது எந்தக் கிளப் என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒலியமைப்பாளர்

இரண்டு பேருக்கும் குறிப்பேடு வாங்கியே காசு தீர்ந்துவிடும்.

மேகலை_டிரம்ஸ்

சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ் ஈபியின் அசல் பிரதி யாரிடமாவது இருக்கிறதா? ஆன்லைனில் ஒன்று கண்ணில் படுகிறது. விலையைப் பார்த்தால் அசல் மாதிரியும் இருக்கிறது, ஏமாற்று மாதிரியும் இருக்கிறது.

வினைல்வேலு

வாங்காதே மேகலை. மெட்டல் உலகில் அதிகம் போலி அடிக்கப்பட்ட ரெக்கார்டுகளில் அது ஒன்று. 5,000-தான் அடித்தார்கள், சந்தையில் சுற்றுவதைக் கூட்டினால் அதைவிட அதிகம் இருக்கும் போல. நான் ஒரு முறை வாங்கி, உறையின் அச்சு மங்கலாக இருப்பதைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். விற்றவர் பதிலே போடவில்லை. பாட்டு கேட்பதுதான் நோக்கம் என்றால் 1996-ல் வந்த ‘பெஸ்ட் ஆஃப் தி பீஸ்ட்’ தொகுப்பின் வினைல் பதிப்பைத் தேடு. ஸ்பேஸ்வார்டு பதிவுகள் நான்கும் அதில் இருக்கின்றன, ஈபியில் விட்டுப்போன ‘ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்டு’ உட்பட. அதுவும் மலிவில்லை, ஆனால் போலி பயம் குறைவு.

கென்டன்ரோடு

மகன் கேட்கச் சொல்கிறான்: கேசட்டில் இருந்த பாட்டுக்கும் பிறகு 1980 ஆல்பத்தில் வந்த பாட்டுக்கும் என்ன வித்தியாசம்? எதை முதலில் கேட்பது?

பேஸ்பாண்டி

டெமோவை முதலில் கேட்கச் சொல்லுங்கள் ஐயா. டிரம்ஸில் டக் சாம்சன், ஆல்பத்தில் கிளைவ் பர். டெமோவில் வேகம் கொஞ்சம் குறைவு, ஒலி கரடுமுரடு, பேஸ் மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். ஆல்பத்தைப் பிறகு போட்டால் பர் வந்ததும் பாட்டு எப்படிப் பாய ஆரம்பிக்கிறது என்று தெரியும். ‘ப்ரௌலர்’ ஒன்றையே இரண்டு வடிவிலும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும். ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடட்டும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நீங்கள் பொறுப்பு.

எதிர்ப்பாட்டு

கேட்டு முடித்ததும் சாக்ஸனின் 1980 ஆல்பங்கள் இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள். பார்ன்ஸ்லி.